எனக்குக் கோபம் தொட்டியின் மேல்தான்

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் உன் ஊரான வைலேயில் அந்தக் கட்டடச் சாமான் கடைக்குள் நீ நல்ல சுகமாகவும் அதைவிட நல்ல பிடிவாதமாகவும் நின்றதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பேத்தியின் தள்ளுவண்டியோடு உன்னை அங்கேயே விட்டுவிட்டு நடந்து ஸ்டேசனுக்குப் போய், ரயில் ஏறி ஹோர்சன்ஸ் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இருந்தேன். நீ பிறகு தொலைபேசி எடுத்தாய். நான் தூக்கவில்லை. அப்பா தூக்கி, "கொம்மா படுத்திட்டா" என்று பொய் சொன்னார். நான் படுக்கவில்லை, சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் உன்னோடு சண்டை பிடித்து நான் எப்போது வென்றிருக்கிறேன்? இரண்டாவது வசனத்திலேயே நீ டெனிஷுக்கு மாறிவிடுவாய். எனக்கு அந்த மொழியில் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றக் கதைக்கத் தெரியும், பஸ் ஏன் பிந்தியது என்று கேட்கத் தெரியும், கோபப்படத் தெரியாது. கோபத்தில் எனக்குச் சொற்களின் பால் மாறிப் போகும், நீ திருத்துவாய், பிறகு எனக்குக் கோபம் எதிலே என்றே மறந்து போகும். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் குளிரில் இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒருநாளைக்கு உதவட்டும். விளங்காத இடத்தை உன் மனைவியிடம் கேள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைக் கலக்க வேண்டாம். உன் சின்னம்மாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. தை மாதத்தில் வன்னியிலிருந்து கதைத்ததுதான் கடைசி. அப்போது சின்னம்மா, சித்தப்பா, பிள்ளைகள் இரண்டு பேர், எல்லோரும் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தார்கள். இப்போது சண்டை முடிந்துவிட்டது என்று உலகம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அப்பா விடிந்தது தொடக்கம் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து முகாம்களில் எடுத்த படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்து முகம் தேடுகிறார். நானும் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். என் ஒரே தங்கச்சி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. இந்தக் கடிதம் தொட்டியைப் பற்றியது.

கடையில் நடந்ததை நீ உன் மனைவிக்கு எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா கத்தினா, சனம் பார்த்தது, அம்மா போயிட்டா. நான் ஏன் கத்தினேன் என்று சொல்லியிருக்க மாட்டாய். மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி வாங்கப் போனோம். நீ நேராகப் போய் ஒரு மரப் பீப்பாவுக்கு முன்னால் நின்றாய். பழைய வைன் பீப்பாவை மேல்பக்கம் வெட்டித் திறந்து, இரும்பு வளையத்துக்குக் கறுப்பு மை பூசி வைத்திருந்தார்கள். உன் மனைவி ஏதோ சஞ்சிகையில் கண்டதாம், செங்கல் சுவரோடு சேர்த்து வைத்தால் வடிவாக இருக்குமாம். "உதென்ன பூச்சாடியே? உதுக்குள்ள எத்தினை வாளி தண்ணி கொள்ளும்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் பக்கத்தில் இருந்த பெரிய கறுப்புத் தொட்டியைத் தட்டிக் காட்டினேன். நல்ல தடிப்பு, அடியில் பைப், வாளி வைக்கக்கூடிய உயரத்தில் கால். அது அசிங்கம் என்றாய். "தண்ணி பிடிக்கிறதுக்கு வடிவென்னத்துக்கு?" என்று கேட்டேன். குரல் கூடித்தான் போய்விட்டது, இல்லை என்று சொல்லவில்லை. கடைக்காரப் பெடியன் ஓடி வந்தான். அப்போது நீ அவனுக்கு டெனிஷில் சொன்னாய், மன்னிக்க வேண்டும், எங்கள் நாட்டில் போர் முடிகிற நேரம், அம்மாவின் தங்கையைக் காணவில்லை, அதுதான் அம்மா இப்படி என்று. அந்தப் பெடியன் தலையைச் சரித்து என்னைப் பாவமாகப் பார்த்தான். நீ நினைத்தாய் எனக்கு விளங்கவில்லை என்று.

எனக்கு விளங்கியது ராசா. இருபது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன். என் தங்கச்சியை ஒரு பீப்பாக் கடைக்காரனுக்குக் காரணம் சொல்லவா நீ எடுத்தாய்? நான் சொன்னது சரியா பிழையா என்று பார்க்கவில்லை. மரம் உக்குமா, தண்ணீர் காணுமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்குக் கவலை, அதனால் அவ சொல்லுகிற எதற்கும் அர்த்தம் இல்லை என்று அந்தப் பெடியனும் நீயும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள். தொட்டியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் எருமை மாட்டில் பெய்த மழையாகப் போய்விட்டது.

நீ மட்டும் இல்லை, எல்லோரும் இதே கதைதான். வேலையிடத்தில் என்னோடு நிற்கிற டெனிஷ்காரி, நல்ல மனுசி, செய்தியில் கேட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். அப்பாடா, முடிந்துவிட்டது, இனி உனக்கு நிம்மதி என்றாள். நன்றி என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கினேன். அதே நாள் ஒருவர் மருந்தைத் துப்பினார் என்று நான் கொஞ்சம் சத்தம் போட, வீட்டுக்குப் போ, உனக்கு இப்போது ஓய்வு தேவை என்கிறாள். மருந்தைத் துப்பினால் எப்போதும் சத்தம் போடுகிறவள்தானே நான். அப்பாவிடம் கம்பியூட்டர் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை காய்ந்து கிடக்கிறது என்று ஏசினால், "ஓமப்பா, உமக்கு மனம் சரியில்லை" என்கிறார். கோப்பையை எடுக்கிறாரா என்றால் இல்லை. தம்பி, நீ கலியாணம் கட்டிய பிள்ளை, இதைக் கேட்டு வைத்துக்கொள். ஒருவர் எதற்குக் கோபம் என்று சொல்லுகிறாரோ, அதற்குத்தான் கோபம் என்று முதலில் நம்பு. உன் மனைவி சோறு குழைந்து போய்விட்டது என்று கொதித்தால், வேலையில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்காதே. சோற்றைப் பார், குழைந்திருந்தால் ஓம் குழைஞ்சுதான் போச்சு என்று சொல். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

இனித் தொட்டிக்கு வருகிறேன். இந்தத் தொட்டிக் கதை சனிக்கிழமை தொடங்கினது இல்லை, உன் புது வீட்டுக் குடிபூரலன்று தொடங்கினது. எங்கள் குடும்பத்தில் முதல் சொந்த வீடு. நாங்கள் வந்த நாள் தொடக்கம் இந்த மாடி வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம், எனக்கு என்று ஒரு முழம் மண் கிடையாது. உன் வளவில் கால் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது, நீ பனிக்காற்று என்று நினைத்தாய். பால் பொங்கி முடிந்ததும் நீ சொன்னாய், கூரைத் தண்ணீரைச் சேர்த்து வளவுக்கு விடப் போகிறேன் என்று. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் குளியலறை முழுக்க வாளிகளை நிரப்பி வைப்பேன். அப்பா இருட்டில் காலை வைத்து விழுந்திருக்கிறார். நீ சினேகிதனைக் கூட்டிவரும் போதெல்லாம் அந்த வாளிகளைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவாய். பைப்பைத் திறந்தால் வரும்தானே அம்மா என்பாய். அப்படிப்பட்ட பிள்ளை தண்ணீர் சேர்க்கிறேன் என்று சொன்னதும், முதல் தடவையாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விசயத்தில் ஆசை வந்திருக்கிறது என்று நினைத்தேன். மழை ஓயாத நாட்டில் மழையைப் பிடித்து வைக்கத் தொட்டியா என்று அப்பா பகிடி பண்ணினார். சித்திரை வைகாசியில் இங்கேயும் மண் வெடிக்கும், வந்து பாருங்கோ என்று நீதான் சொன்னாய். அது சரிதான்.

பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். தண்ணீர் என்றால் ஈசான மூலை. வடகிழக்கில் இல்லாமல் வேறெங்கும் தண்ணீர் வைக்கக் கூடாது என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். நீ கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலி இறங்குகிற இடம் சமையலறைப் பக்கம், தென்மேற்கு என்றாய். நாங்கள் விடவில்லை. நீயும் எங்களுக்காகச் சுவரைச் சுற்றிக் குழாய் இழுத்து, இரண்டு மூலை திருப்பி, லைலாக் மரத்துக்குக் கீழே ஒரு நீலப் பீப்பாவை வைத்தாய். குழாய்க்குச் சாய்வு காணாது. தண்ணீர் ஓடாமல் நடுவில் நின்றது. நீங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இஷொய்க்கு மனைவி வீட்டுக்குப் போயிருந்த அன்று நல்ல மழை. நிலவறை யன்னலுக்கு நேரே இணைப்புக் கழன்று, கூரைத் தண்ணீர் முழுக்க உள்ளே போய், உடுப்புத் தோய்க்கிற மெசினும் பிள்ளையின் தள்ளுவண்டியும் நனைந்தது. ஈசான மூலைப் பீப்பாவில் ஒரு சொட்டு இல்லை. நீ எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு நிலவறையைத் துடைத்துவிட்டு, அடுத்த தொட்டியை நானே பார்க்கிறேன் என்றாய். அந்த 'நானே'தான் எனக்குப் பிடிக்கவில்லை. சாத்திரம் பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அது கிணறு வெட்ட இடம் பார்க்கிறவனுக்குச் சொன்ன சாத்திரம், கூரைப் பீலியைப் பற்றி அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். தென்மேற்கிலேயே வை. அப்பாவிடம் நான் கதைக்கிறேன்.

ஆனால் மரப் பீப்பா வேண்டாம். பிடிவாதத்துக்குச் சும்மா சொல்லவில்லை, விசாரித்துத்தான் சொல்லுகிறேன். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருக்கிறார், முந்தித் தோட்டக்காரராக இருந்தவர், நான் அவருக்குத்தான் காலையில் காலுறை போட்டுவிடுகிறேன். அவரிடம் கேட்டேன். மரம் கோடையில் காய்ந்தால் பலகைக்குப் பலகை இடைவெளி விடும், பிறகு நிரப்பினாலும் ஒழுகும். வெள்ளைத் தொட்டி வெயில் பட்டால் பச்சையாகப் பாசி பிடிக்கும், கடும் நிறம்தான் நல்லது. பீலியிலிருந்து இறங்குகிற இடத்தில் இலை தடுக்க வலை வேண்டும், உன் லைலாக் பூவெல்லாம் உள்ளே போய் அழுகினால் அந்த மணத்துக்குப் பக்கத்துவீட்டுக்காரர் வந்துவிடுவார். நிரம்பி வழிகிற தண்ணீர் சுவருக்குத் தூர விழ வழி வை, ஒரு தடவை நிலவறை கழுவினது காணும். உறைபனிக்கு முன்னம் வெறுமையாக்கிவிடு, இல்லாவிட்டால் ஐஸ் பெருத்து வெடிக்கும். கல்லடுக்கி உயரத்தில் வை. குனிந்து குனிந்து வாளி நிரப்ப உனக்கு இப்போது முதுகு இருக்கிறது, எப்போதும் இருக்காது. அளவைச் சின்னதாக வாங்காதே. இங்கே ஒரு மழைக்குப் பீப்பா நிரம்பிவிடும், பிறகு மழை பெய்யாத கிழமைகளில் நீ வெறும் வாளியோடு நிற்பாய். இவ்வளவும் நான் கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். இதில் ஒன்றாவது போரைப் பற்றியதா, நீயே சொல்.

இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். வந்து முடிப்போம் என்று இருந்தேன், மனம் வரவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு ஜக்கெட் போடுகிற நேரம் தொலைபேசி அடித்தது. நீதான் என்று நினைத்துத் தூக்காமல் விடப் பார்த்தேன். அப்பா குளியலறையில். தூக்கினால் ஒரே இரைச்சல், பின்னால் சனம் கத்துகிற சத்தம். "அக்கா" என்றாள்.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். திரும்ப, "அக்கா, நான்தான். கெதியாக் கதைக்க வேணும், ஒரு பிள்ளையின்ர போன், இங்க வைச்சிருக்கக் கூடாது" என்றாள். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். முகாமில் என்றாள். முள்ளுக்கம்பிக்குள்ளே, வவுனியாப் பக்கம். சாப்பாடு இருக்கோ என்று கேட்டேன். "கிடக்கு" என்றாள். பிறகு நான் கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். "நான் தனியத்தான் வந்தனான், அக்கா."

தம்பி, அதைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆர், எங்கே, எப்படி என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சித்தப்பாவின் பெயரைச் சொல்ல வரவில்லை, பிள்ளைகளின் பெயரைச் சொல்ல வரவில்லை. அவளும் அழவில்லை, நானும் அழவில்லை. நேரம் போகுது, ஏதாவது கதைக்க வேண்டும், அவள் வைத்துவிடுவாள் என்று பயத்தில் என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது, "தம்பி வீடு வாங்கினவன். குடிபூந்தாச்சு. இப்ப மழைத் தண்ணிக்குத் தொட்டி வைக்கிறான்" என்று. சொல்லும்போதே என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆருக்கு எதைச் சொல்லுகிறேன்.

"தொட்டியோ?" என்றாள். குரல் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது. "ஆக்கள் இறங்கிற அளவோ?"

"ஓமடி, பெரிசு. அவன் மரத்தில வாங்கப் போறன் எண்டு நிக்கிறான். நான் கறுப்பு வாங்கச் சொல்லுறன்."

"மூடி கிடக்கோ?"

"என்ன மூடி?"

"பேத்தி தவழத் தொடங்கியிருப்பாள் எல்லே அக்கா. நாளைக்கு எழும்பி நடப்பாள். மூடி பூட்டிறதாப் பாத்து வாங்கச் சொல்லு" என்றாள். "ஓம்" என்று நான் சொன்னேன். அது அவளுக்குக் கேட்டதோ தெரியாது, தொடர்பு அறுந்துவிட்டது. அந்த இலக்கத்துக்கு இவ்வளவு நேரமும் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். ஒருவரும் தூக்கவில்லை. அப்பா துவாயோடு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். நான் வேலைக்குப் போகவில்லை.

நீ எஞ்சினியர். உன் மனைவி படித்த பிள்ளை. அப்பா திசைகாட்டி வைத்திருக்கிறார். நான் ஊரெல்லாம் விசாரித்தவள். ஊரில் கிணற்றடித் தொட்டிக்கு மூடி போட்டு நான் கண்டதில்லை, எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நீ பிடித்துக்கொண்டு நின்ற பீப்பா மேல்பக்கம் வாய் திறந்து கிடந்தது. நான் தட்டிக் காட்டின கறுப்புத் தொட்டிக்கு மூடி இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளை அந்தத் தள்ளுவண்டிக்குள்ளே எங்களுக்கு முன்னால்தான் இருந்தாள், விலைத் துண்டைச் சப்பிக்கொண்டு. நாங்கள் நிறத்துக்கும் மூலைக்கும் சண்டை பிடித்துக்கொண்டு நின்றோம்.

எதை வேண்டுமானாலும் வாங்கு, ராசா. மரமோ, கறுப்போ, ஈசான மூலையோ, தென்மேற்கு மூலையோ, எனக்கு இனி ஒரு சண்டையும் இல்லை. பூட்டுகிற மூடியாகப் பார்த்து வாங்கு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே வாங்கு, பூட்டிவிட்டு எனக்குத் தொலைபேசி எடு, தூக்குவேன். சின்னம்மா திரும்ப எடுத்தால் முதலில் அதைத்தான் கேட்பாள். அவளிடம் நான் ஓம் என்று சொல்லக்கூடியதாக ஒன்றாவது வேண்டும்.

அம்மா